மரத்தில் சீட் பிடித்த கொண்டக்டர்

பறவை பார்க்கக் கூட்டிப்போகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் இருக்கலாம். ஆனால் ஒரு பறவையின் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல், தெரியாது என்பதையும் ஒத்துக்கொள்ளாமல், தெரிந்தவர்களையும் சொல்லவிடாமல், ஞாயிறு தவறாமல் ஒரு கூட்டத்தையே பின்னால் இழுத்துக்கொண்டு திரிந்த ஒரே மனிதர் எங்கள் கொண்டக்டர்தான். மட்டக்களப்பில் மட்டுமல்ல, பறவை பறக்கிற இடமெங்கும் தேடிப் பாருங்கள். இப்படி இன்னொருவர் கிடைத்தால் என் பாமசியை அவர் பெயருக்கு எழுதி வைக்கிறேன்.

அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கத்தான் வேண்டும். ஞானஸ்நானம் கொடுத்த மெதடிஸ்த போதகருக்குத் தெரிந்திருக்கும். ஊருக்குத் தெரியாது. கல்முனை ரோட்டில் அரச பஸ்ஸில் காலம் முழுக்க டிக்கெட் கிழித்தவர். பென்சன் எடுத்த பிறகும் அந்தக் காக்கிச் சட்டையைக் கழற்றவில்லை, தோளில் தொங்கிய தோல் பையையும் கழற்றவில்லை. டிக்கெட் இருந்த இடத்தில் இப்போது பிஸ்கட்டும் ஒரு பழைய பைனாகுலரும் இருந்தன. பைனாகுலரின் ஒரு பக்கக் கண்ணாடி பூஞ்சணம் பிடித்துப்போய் ஒன்றும் தெரியாது. கேட்டால், “ஒரு கண்ணால பாத்தாக் காணும் தம்பி. ரெண்டு கண்ணாலயும் உத்துப் பாத்தா குருவிக்கு வெக்கம் வரும்,” என்பார்.

நான் அவரிடம் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு. ஊருக்கெல்லாம் மருந்து விற்கிற எனக்கே டொக்டர் கையை விரித்துவிட்டார். “மருந்து மட்டும் காணாது, நடக்கணும்” என்று சொல்லிவிட்டார். நடப்பதென்றால் எனக்கு வேப்பங்காய். அதிலும் சும்மா நடக்கிறவனைப் பார்த்தால், வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு வந்தவன் என்றுதான் ஊர் நினைக்கும். எங்கள் வாவியோரத்தில் ஒரு பூங்கா இருக்கிறது. பெரிய குளம் ஒன்று, சின்னக் குளம் ஒன்று, சுற்றிவர வயதான மருத மரங்கள், அதற்கு அங்கால் கொஞ்சம் காடு, காடு முடிகிற இடத்தில் கண்டல் மரங்களும் வாவியும். அங்கே ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் யாரோ பறவை காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். பறவை பார்க்கப் போகிறேன் என்றால் கௌரவமாகவும் இருக்கும், நடந்த மாதிரியும் இருக்கும் என்று புறப்பட்டேன்.

போய் மருத மரத்தடியில் கிடந்த பலகை வாங்கில் குந்தினேன். வாங்கில் யாரோ ஒரு லேஞ்சியை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கட்டம் போட்ட கைக்குட்டை. அதை ஓரமாகத் தள்ளிவிட்டுத்தான் குந்தினேன். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

“எழும்புங்க!”

திரும்பினால் காக்கிச் சட்டை.

“ஏன்?” என்றேன்.

“லேஞ்சி கிடக்குதில்ல?”

“கிடக்குது. ஆனா ஆள் இல்லையே.”

“ஆள் இல்லாட்டித்தானே லேஞ்சி! ஆள் இருந்தா லேஞ்சி எதுக்கு? எழும்புங்க தம்பி.”

சுற்றிவர வெறும் வாங்குகள் நிரையாகக் கிடந்தன. மனிதருக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. நான் எழும்பி நின்ற பிறகுதான் பக்கத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்த லேஞ்சியின் சொந்தக்காரர் வந்து சேர்ந்தார். காத்தான்குடியில் புடவைக்கடை வைத்திருக்கிற ஹாஜியார். விடியச் சுபஹு தொழுதுவிட்டு நேரே பூங்காவுக்கு வருகிறவர். “மன்னிச்சிக்கங்க, நம்மட கொண்டக்டர் இப்பிடித்தான்” என்று எனக்கு ஒரு வடையைத் தந்தார். சீனி வருத்தக்காரனுக்கு வடை நல்லதில்லை. தின்றேன்.

எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் ஏறாதவர்களுக்கு இந்த லேஞ்சிச் சங்கதி விளங்காது. பஸ் ஸ்டாண்டில் பஸ் வந்து நின்றதும் யன்னலுக்குள்ளால் லேஞ்சியை வீசி ஒரு சீட்டில் போட்டுவிட்டால் அந்த சீட் உங்களுடையது. நீங்கள் பிளேன்ரீ குடிக்கலாம், வெற்றிலை வாங்கலாம், ஆறுதலாக வரலாம். இடையில் ஒருவன் அந்த சீட்டுக்குப் பக்கத்தில் போனால், உங்களை முன்பின் தெரியாத பயணிகள்கூட “ஆள் வருது! ஆள் வருது!” என்று ஒரே குரலில் கத்துவார்கள். ஹெல்மெட் போடாதவன், வரி கட்டாதவன், மாமியாரோடு கதைக்காதவன் எல்லாரும் இந்த ஒரு சட்டத்துக்கு மட்டும் கட்டுப்படுவார்கள். அந்தச் சட்டத்துக்குக் காவல்காரன் யாரென்றால் கொண்டக்டர்.

வேலையில் இருந்த காலத்தில் பெரிய கை ஒருவர் யாரோ போட்ட லேஞ்சியைத் தூக்கித் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு குந்திவிட்டாராம். கொண்டக்டர் கல்லடிப் பாலத்துக்கு நடுவில் மணியடித்து பஸ்ஸை நிற்பாட்டினார். பெரிய கை எழும்பவில்லை. பஸ்ஸும் எழும்பவில்லை. இந்தப் பக்கம் காத்தான்குடி வரைக்கும் அந்தப் பக்கம் மணிக்கூட்டுக் கோபுரம் வரைக்கும் வாகனங்கள் நின்றன என்று கொண்டக்டர் சொல்வார். பாதியைக் கழித்துவிட்டாலும் நல்ல நீளம்தான். கடைசியில் பெரிய கை எழும்பி நிற்க, மீன் கூடையோடு வந்த ஒரு மனிசி அந்த சீட்டில் கல்முனை வரைக்கும் குந்திக்கொண்டு போனாளாம்.

அவர் பறவை காட்டுகிற விதமும் பஸ் ஓட்டம்தான். மருத மரத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி “றைட்! போவம்!” என்பார். ஊர்வலம் புறப்படும். வெட்டவெளிப் பாதையில், முன்னால் ஒரு ஈ காக்கா இல்லாத இடத்தில், “முன்னுக்குப் போங்க, முன்னுக்குப் போங்க, முன்னுக்கு இடம் கிடக்கு!” என்று கத்திக்கொண்டே வருவார். அந்தச் சத்தத்துக்குக் குளத்தில் இருந்ததெல்லாம் குபீரென்று கிளம்பிப் பறந்துவிடும்.

“அண்ணன், சத்தம் போட்டா எல்லாம் பறந்திருமே,” என்று ஒருநாள் வாயைக் கொடுத்தேன்.

“பறந்தாத்தானே பறவை? குந்திக்கிட்டே இருந்தா அது கோழி. கோழி பாக்கவா விடிய எழும்பி வந்த நீங்க?”

 நான் முன்னுக்குப் போனேன், முன்னுக்குத்தான் இடம் கிடந்ததே.

பெயர்களுக்கு வருவோம். வந்தாறுமூலைக் கம்பஸில் விலங்கியல் படிப்பிக்கிற ஒரு பிள்ளை எங்களோடு வருவாள். அவளைக் கம்பஸ் மிஸ் என்போம். அவளுக்கு எல்லாப் பறவையின் பெயரும் தமிழில், ஆங்கிலத்தில், இன்னும் என்னென்னவோ பாஷையில் தெரியும். அந்தப் பிள்ளையைக் கொண்டக்டர் ஒரு பெயரைச் சொல்ல விட்டதில்லை. வெள்ளைக் கொக்கு அவருக்கு பிறின்சிப்பல். பை மாதிரித் தாடை தொங்குகிற கூழைக்கடா, சந்தைக்குப் போய்விட்டு வருகிற மாமி. ஆளைக் கண்டதும் கத்துகிற ஆள்காட்டிக் குருவி, டிக்கெட் பரிசோதிக்க வருகிற செக்கர். இங்கே முங்கி அங்கே எழும்புகிற முக்குளிப்பான், டிக்கெட் எடுக்காமல் சீட்டுக்குக் கீழே ஒளிகிறவன். சிறகை விரித்துக் காயவைக்கிற நீர்க்காகத்துக்கு லோயர் என்று பெயர்.

“அங்கிள், அது நீர்க்காகம்,” என்றாள் ஒருநாள் பொறுக்கமாட்டாமல்.

“காகமா? காகத்தப் பத்தி என்னோட கதைக்க வேணாம் மகள். காகம் எண்டா பிரைவேட் பஸ். கண்ட இடத்தில நிப்பாட்டும், கண்டதையும் ஏத்தும். இவர் லோயர். கறுப்புக் கோட்டப் பாருங்க.”

“புத்தகத்தில நீர்க்காகம் எண்டுதானே அங்கிள் போட்டிருக்கு?”

“அந்தப் புத்தகம் எழுதினவர் எந்த பஸ் ஹோல்ட்டில ஏறினவர்?”

பாவம், அவள் என்னைப் பார்த்தாள். நான் குளத்தைப் பார்த்தேன். பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனிதரோடு நடக்க வந்துவிட்டு நாலாவது காலைத் தேடி என்ன பிரயோசனம்?

எல்லாவற்றையும் விட அவருக்கு உயிர் அந்த மருத மரங்கள்தான். மாரி மழை பிடித்ததும் பிறின்சிப்பல்மார், லோயர்மார் எல்லாரும் எங்கெங்கிருந்தோ வந்து பெரிய குளத்தைச் சுற்றியுள்ள மருத மரங்களில் கூடு கட்டுவார்கள். கிளைக்குக் கிளை கூடு. குஞ்சு பொரித்து, வளர்த்து, பறக்கப் பழக்கி, வெயில் வந்ததும் போய்விடுவார்கள். அந்த மாதங்களில் மரத்துக்குக் கீழே குடையில்லாமல் போகிறவன் வெள்ளையடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவான். கொண்டக்டர் குடை பிடிக்கமாட்டார். “சனம் நிறைஞ்ச பஸ்ஸில கொஞ்சம் இடிபடத்தான் செய்யும்” என்பார்.

இங்கேதான் வில்லங்கம் வந்தது. பூங்காவுக்குப் புதிதாக ஒரு பொறுப்பாளர் வந்தார். நல்ல பிள்ளை, கெட்டவர் என்று சொல்லமாட்டேன். ஆனால் அழகுபடுத்துகிற வருத்தம் பிடித்திருந்தது, அதற்கு என் கடையில் மருந்து இல்லை. கலியாணச் சோடிகள் படம் எடுக்க வருகிற பூங்காவாம். போன மாரியில் ஒரு மணப்பெண்ணின் கூறைச் சேலையில் லோயர் ஒருவர் கையெழுத்து வைத்துவிட்டாராம். ஆகவே பெரிய குளத்து மருத மரங்களை அடியோடு வெட்டிவிட்டு, அந்த இடத்தில் சீமெந்தால் செய்த இரண்டு அன்னங்களை வைக்கப்போகிறார்களாம். அன்னங்கள் வந்தும்விட்டன. கேற்றுக்குப் பக்கத்தில் பொலித்தீன் சுற்றிக் கிடந்தன. ஒன்று லொறியிலேயே சொண்டு உடைந்து, அலகில்லாமல் வந்திருந்தது.

உயிருள்ளதை விரட்டிவிட்டு சீமெந்தைக் கொண்டுவந்து குந்தவைக்கிற புத்தியை எங்கே கொண்டுபோய்ச் சொல்வது!  கம்பஸ் மிஸ் மகஜர் எழுதினாள். எல்லாரும் கையெழுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பொறுப்பாளர் மரியாதையாக வாங்கி மேசையில் வைத்து, மேலே தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

“மிஸ், கூடு இருந்தா சட்டம் இருக்கு, நானும் கை வைக்க மாட்டன்,” என்றார். “இப்ப எங்க கூடு? மரம் சும்மா வெறுமையாத்தானே நிக்குது. அதாலதான் மழைக்கு முதல் வெட்டச் சொல்லிக் கிடக்கு. திங்கட்கிழமை ஆக்கள் வருவாங்க.”

“வெறுமையா இல்ல தம்பி,” என்றார் கொண்டக்டர். “ஆக்கள் வெளியால போயிருக்காங்க. மழையோட வருவாங்க.”

பொறுப்பாளர் சிரித்தார். “ஐயா, அது அவங்கட இடம் எண்டதுக்கு என்ன அடையாளம் கிடக்கு?”

  கொண்டக்டர் வெளியே வந்து கேற்றடியில் நின்று அன்னங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு திரும்பி, “ஹாஜியார், உங்கட கடையில லேஞ்சி கிடக்கா?” என்று கேட்டார்.

ஹாஜியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. “கிடக்கு. வித்துப் போகாத கட்டம் போட்ட லேஞ்சி ஒரு பெட்டி அப்பிடியே இரிக்கி. ஏன்?”

“முழுப் பெட்டியையும் கொண்டு வாங்க.”

திங்கட்கிழமை பொழுது புலர்ந்ததும் நாங்கள் நாலுபேரும் பெரிய குளத்தடியில் நின்றோம். நான் கடையைத் திறக்காமல் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பஸ் மிஸ் குரங்குக்குட்டி மாதிரி உச்சிக்கே ஏறிவிட்டாள். விலங்கியல் படித்தால் இதெல்லாம் வரும் போலிருக்கிறது. ஹாஜியார் கீழே நின்று லேஞ்சிகளைப் பிரித்துப் பிரித்து எறிந்தார்.

“ஒரு மரத்துக்கு ஒண்டு கட்டினாக் காணாதா அண்ணன்?” என்றேன். எனக்குக் கை கடுத்தது.

“மரம் சீட் இல்ல தம்பி, மரம் பஸ். கிளைதான் சீட். ஒவ்வொரு சீட்டுக்கும் லேஞ்சி வேணும்.”

கட்டி முடிக்கவும் லொறி வரவும் சரியாக இருந்தது. இயந்திர வாளும் கயிறுமாகச் சிலபேர் இறங்கினார்கள். தலைமையாள் கொக்கட்டிச்சோலைக்காரர், நெற்றி நிறையத் திருநீறு, கை இரண்டும் உலக்கை. அவர் மரங்களை அண்ணாந்து பார்த்தார். கிளைக்குக் கிளை துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வாளைக் கீழே வைத்தார்.

“டேய், செருப்பக் கழட்டுங்கடா!”

எல்லாரும் கழற்றினார்கள். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பினார். “இது நேர்த்திக்கடனுக்குச் சீலை கட்டின மரமெல்லோ! எந்த அம்மாளோ தெரியாதே. இதில வாள் வச்சா என்ட குடும்பம் விளங்குமா? ஏத்துங்கடா சாமான.”

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்பார்களே, அதை அன்றைக்குக் கண்ணால் கண்டேன். கம்பஸ் மிஸ் என் கையைக் கிள்ளினாள். ஹாஜியார் வானத்தைப் பார்த்தார். நாங்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்றுதான். வாயைத் திறக்காமல் நிற்பது. லொறி திரும்பிவிடும், இந்தச் செய்தி ஊரெல்லாம் பரவும், அந்த மரங்களில் இனி ஒருவரும் கை வைக்கமாட்டார்கள்.

“அண்ணன், கொஞ்சம் நில்லுங்க,” என்றார் கொண்டக்டர்.

நான் சப்பாத்துக் காலால் அவர் காலை மிதித்தேன். அசையவில்லை.

“இது நேர்த்தி இல்ல. சாமி ஒண்டும் இல்ல. நான் கட்டின லேஞ்சி. சீட் புடிச்சிருக்கு.”

“யா அல்லாஹ்! மனிசன் கெடுத்துட்டாரே!” என்று ஹாஜியார் தலையில் கை வைத்துக் குந்திவிட்டார்.

நான் கொண்டக்டரின் காதுக்குள் சீறினேன். “உங்களுக்கு விசர் புடிச்சிட்டா? அவனுகள் தானா நம்பிட்டுப் போறானுகள். விட்டா என்ன?”

“கள்ள டிக்கெட்டில ஆக்கள ஏத்திப் பழக்கமில்ல தம்பி,” என்று எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னார். “அந்த மனிசனையும் ஏமாத்தி, அவர்ட சாமியையும் ஏமாத்தி, அதில பறவையக் குந்தவைக்க நான் விடமாட்டன். அதுகளுக்கு உரிமையான சீட். உரிமையாக் கேப்பம்.”

கொக்கட்டிச்சோலைக்காரர் எங்களை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டார். “அப்ப வெட்டலாம்,” என்று வாளை இயக்கினார்.  எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அந்த நேரம் கொண்டக்டரின் கழுத்தை நெரித்திருப்பேன், ஏணி கையில் இருந்ததால் தப்பினார்.

அவர் போய் மரத்துக்கும் வாளுக்கும் நடுவில் நின்றார். “அண்ணன், நீங்க டவுனுக்கு எதில வந்து போற?”

“பஸ்ஸிலதான். ஏன்?” வாள் நின்றது.

“பின்னேரம் ஸ்டாண்டில சீட்டுக்கு என்ன செய்வீங்க?”

“லேஞ்சி போடுவன்.”

“போட்டுட்டு?”

“பிளேன்ரீ குடிக்கப் போவன்.”

“நீங்க வாறத்துக்குள்ள ஒருத்தன் வந்து, ஆளக் காணல்ல, சீட் வெறுமையாத்தானே கிடக்கு எண்டு உங்கட லேஞ்சியத் தூக்கி எறிஞ்சா?”

“எறிஞ்சிருவானா? கைய முறிச்சி அவன்ட…” கொக்கட்டிச்சோலைக்காரர் அதோடு நிறுத்தினார். கொண்டக்டரைப் பார்த்தார். மெதுவாக மரத்தை அண்ணாந்து பார்த்தார். கட்டம் போட்ட லேஞ்சி ஒன்று அவர் தலைக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது.

“இவங்க எங்க போயிருக்காங்க?” என்று கேட்டார்.

“பிளேன்ரீ குடிக்க எண்டு வையுங்களன். மழையோட வந்திருவாங்க.”

அவர் வாளை லொறிக்குள் வைத்துவிட்டு மரத்தடியில் குந்தி வெற்றிலை போடத் தொடங்கினார். “நான் வெட்டமாட்டன். நாளைக்கு எந்த முகத்தோட பஸ்ஸில ஏறுற?” என்றார்.

அதற்குள் யாரோ சொல்லிப் பொறுப்பாளர் ஓடிவந்தார். காலையில் நடக்க வந்த சனமும் கூடிவிட்டது. என்ன சங்கதி என்று வாய்க்கு வாய் போய், எல்லாரும் மரத்தைச் சுற்றி நின்றார்கள். பொறுப்பாளருக்குக் கோபத்தில் காது சிவந்திருந்தது.

“இது என்ன பகிடியா? துணியக் கட்டினா மரம் உங்கடதா?” என்று கத்திக்கொண்டு, கைக்கெட்டிய கிளையில் இருந்த லேஞ்சியை அவிழ்க்கக் கையை நீட்டினார்.

“ஆள் வருது!”

கத்தியது கொண்டக்டர் இல்லை. கூட்டத்தில் யாரோ. அடுத்த கணம் முழுக்கூட்டமும் “ஆள் வருது! ஆள் வருது!” என்று கத்தியது. ஹாஜியார் எழும்பி நின்று கத்தினார். கம்பஸ் மிஸ் கத்தினாள். லொறிக்காரன் கத்தினான். நானும் கத்தினேன், என் வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை.

பொறுப்பாளரின் கை சுட்ட மாதிரிப் பின்னால் போனது. அவர் இழுக்கவில்லை, கை தானாகப் போனது. அவரும் செங்கலடியிலிருந்து பஸ்ஸில் வந்து படித்து ஆளானவர்தானே! கையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். 

“சரி,” என்றார் கடைசியில். “மழை வரட்டும். மழை புடிச்சும் ஆள் வராட்டி, லேஞ்சியோட சேத்து வெட்டுவன். பிறகு ஒருத்தரும் கத்தக்கூடாது.”

“அது ஞாயம்,” என்றார் கொண்டக்டர். “பஸ் எடுக்கிற நேரம் ஆள் வராட்டி சீட் போச்சுதான்.”

மழை வந்தது. பாழாய்ப்போன மழை அந்த வருஷம் நேரத்தோடேயே வந்தது. குளம் நிரம்பியது, பாதை சேறானது, மரத்து லேஞ்சிகள் நனைந்து தொங்கின. பறவைகள் வரவில்லை. கொண்டக்டர் ஞாயிறு மட்டுமில்லாமல் ஒவ்வொரு நாளும் விடிய வந்து மருத மரத்தடி வாங்குக்குப் பக்கத்தில் நின்றார். பொறுப்பாளரும் ஒவ்வொரு நாளும் குடையோடு வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். அவர் முகத்திலும் கொஞ்சம் கவலை தெரிந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“வராம விட்டா என்ன அண்ணன் செய்யிற?” என்று கேட்டேன். 

“வழியில லேட்டாகும் தம்பி. ரோட்டு சரியில்ல.” குரலில் வழமையான அதட்டல் இல்லை. கை மரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. “முன்னுக்கு இடம் கிடக்கு,” என்று யாருக்கோ மெதுவாகச் சொன்னார். அதைக் கேட்கச் சகிக்காமல் நான் பிஸ்கட் தின்னப் போய்விட்டேன்.

பிறகு ஒரு காலை மழை விட்டிருந்த நேரம், வாவிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கொக்கு வந்தது. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றியது. மரத்தில் இறங்கப் போய், இறங்காமல் இன்னுமொரு சுற்றுச் சுற்றியது.  கொண்டக்டர்கூடக் கத்தவில்லை. அது வந்து லேஞ்சி கட்டிய கிளையொன்றில் காலை வைத்து, சிறகை மடித்து, கழுத்தைச் சுருக்கிக்கொண்டு குந்தியது. குந்தியதும் செய்த முதல் காரியம், கீழே அண்ணாந்துகொண்டு நின்ற கொண்டக்டரின் காக்கிச் சட்டையில் தோளிலிருந்து பொத்தான் வரைக்கும் வெள்ளையாக ஒரு கோடு.

“டிக்கெட் எடுத்துட்டார்!” என்று கொண்டக்டர் துள்ளினார். “பிறின்சிப்பல் டிக்கெட் எடுத்துட்டார்! றைட்!”

மரத்தை இரண்டு தட்டுத் தட்டினார். கொக்கு பறக்கவில்லை. அன்று பின்னேரமே இன்னும் பலபேர் வந்தார்கள், அடுத்தடுத்த நாட்களில் மரம் நிறைந்துவிட்டது. கூடு கட்டிய பிறகு யார் கை வைப்பது? பொறுப்பாளர் அந்த வருஷம் விட்டார், அடுத்த வருஷம் அவராகவே மறந்துவிட்டார். சீமெந்து அன்னங்கள் மலசலகூடத்துக்குப் போகிற வழியில் நிற்கின்றன. சொண்டு உடைந்ததன் தலையில் ஒரு காகம் குந்தியிருக்கும். கண்ட இடத்தில் நிப்பாட்டுகிற பிரைவேட் பஸ் அல்லவா!

இப்போது கொண்டக்டர் எங்களோடு இல்லை. கொழும்பில் மகள் வீட்டில் இருக்கிறார். முழங்கால் இரண்டும் போய்விட்டது, நெஞ்சிலும் ஏதோ அடைப்பு. “இவ்வளவு தூரம் பயணம் செய்ய ஏலாது, இனி இஞ்சதான்” என்று மகள் ரெலிபோனில் சொன்னாள். “அந்த மனிசன் இனி எங்க வாற?” என்று ஊரும் சொல்லிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் நம்பத் தயாரில்லை. ஞாயிறு விடிந்தால் அவரே ரெலிபோன் எடுக்கிறார். “தம்பி, செக்கர் வந்தாரா? எல்லாரையும் முன்னுக்குப் போகச் சொல்லுங்க” என்கிறார். கூட்டத்தை இப்போது கம்பஸ் மிஸ்தான் கூட்டிப்போகிறாள். சரியான பெயர்களோடுதான் தொடங்குவாள். சின்னக் குளத்தடி வரும்போது லோயர், மாமி என்று வாய் தவறிவிடும்.

போன ஞாயிறு புதிதாக ஒருவர் வந்தார். ஏதோ வங்கியில் மனேஜராம், அவருக்கும் சீனி வருத்தமாம். நேரே மருத மரத்தடிக்குப் போய் வாங்கில் குந்தப் பார்த்தார். அங்கே கட்டம் போட்ட லேஞ்சி ஒன்று விரித்துக் கிடந்தது. அதை ஹாஜியார் ஒவ்வொரு ஞாயிறும் தோய்த்துக் கொண்டுவந்து போடுகிறார். மனேஜர் ஓரத்தில் குந்தி அதை எடுக்கக் குனிந்தார்.

“எழும்புங்க!” என்றேன். எனக்கே தெரியாமல் அதட்டலாக வந்துவிட்டது.

அவர் திடுக்கிட்டு எழும்பினார். சுற்றுமுற்றும் பார்த்தார். “ஒருத்தரையும் காணல்லையே?”

“ஆள் வருது,” என்றேன்.